முதல்ல நங்கூரம், அப்புறம்தான் இன்ஜின் மூடி

அண்ணன், காலை 5:52
படகுல கிளம்பிட்டோம். நானும் இவளும் மட்டும். கரையை ஒட்டியே போய் முனையைச் சுத்தி அடுத்த முகத்துவாரம். மொத்தம் 22 கடல் மைல். 7 நாட் (மணிக்கு 7 கடல் மைல்) வேகத்துல போனா மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும்.

அம்மா, 5:54
லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கீங்களா ரெண்டு பேரும்? போட்டோ அனுப்பு.

அண்ணி, 5:57
(போட்டோ)
போட்டாச்சு அத்தை.

அம்மா, 5:58
உன் இடுப்பு வார் தொங்குது பாரு. இழுத்துக் கட்டும்மா.

மாமா, 6:03
டீசல்?

அண்ணன், 6:04
டாங்க் ஃபுல் மாமா. போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, மூணாவது பங்குல கை வைக்கறதில்ல.

மாமா, 6:06
சரி மாப்ள. மதியத்துக்குள்ள போய் நின்னுடு. வெயில் ஏறி கரை சூடாச்சுன்னா கடல்காத்து வலுத்துடும். இப்ப இருக்கற தண்ணிய நம்பாதே.

அண்ணி, 7:41
எக்ஸாஸ்ட் சத்தம் மாறிடுச்சு. எப்பவும் தண்ணியைத் துப்பிக்கிட்டே வரும், இப்ப வறட்டுச் சத்தம், வெள்ளையா ஆவி வருது. டெம்பரேச்சர் முள்ளும் ஏறுச்சு. இவர் இன்ஜினை நிறுத்திட்டார்.

நான், 7:41
கரை எவ்வளவு தூரம் அண்ணி? காத்து எந்தப் பக்கம்?

அண்ணி, 7:42
ஒன்றரை மைல் இருக்கும். கரைப்பக்கமாதான் தள்ளுது. இவர் இன்ஜின் மூடியைக் கழட்டப் போறார்.

மாமா, 7:42
வேண்டாம்னு சொல்லு! முதல்ல நங்கூரம். ஆழம் பாரு.

அண்ணி, 7:43
11 மீட்டர்.

மாமா, 7:43
தண்ணிக்கு மேல அணியம், அதாவது படகு மூக்கு, ஒரு மீட்டர், சேர்த்தா 12. அஞ்சு மடங்கு, 60 மீட்டர் விடு, சங்கிலியும் கயிறும் சேர்த்து. குவிச்சுப் போடாதே. நங்கூரம் அடியைத் தொட்டதும் படகு நகர நகர விட்டுக் கொடு.

அம்மா, 7:44
என்னாச்சு? யாராவது சொல்லுங்களேன்.

நான், 7:45
இன்ஜின் சூட்டைத் தணிக்கற கடல் தண்ணி உள்ள போகலம்மா. நங்கூரம் போடறாங்க. படகு நின்னுட்டா பயமில்ல.

அண்ணன், 7:51
போட்டாச்சு மாமா. பிடிச்ச மாதிரி இருக்கு.

மாமா, 7:53
மாதிரி வேண்டாம். கயித்து மேல கையை வை. அடியில இழுபட்டா கையில கடகடன்னு அதிரும். பிடிச்சிருந்தா இறுகி அசையாம நிக்கும். அப்புறம் கரையில ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா நிக்கற ரெண்டு பொருளைக் குறி வை. அஞ்சு நிமிஷம் கழிச்சும் அதே நேர்ல இருக்கான்னு பாரு. 9 மீட்டர் படகு, நங்கூரத்துல நிக்கறோம்னு காட்ட முன்னாடி கறுப்பு உருண்டையை ஏத்திடு. விஹெச்எஃப் ரேடியோவுல சேனல் 16, ஆபத்துக்குக் கூப்பிடற சேனல், அதுல காதை வை. இழுபட ஆரம்பிச்சா வெட்கப்படாம "பான் பான்" சொல்லு, அவசரம்னு அர்த்தம். உயிருக்கு ஆபத்து வந்தாதான் "மேடே".

அண்ணன், 8:00
அதிர்வே இல்ல. குறியும் மாறல. இப்ப திறக்கலாமா?

மாமா, 8:01
இப்ப திற. நடுவுல ஒண்ணு சொல்லிடறேன், எல்லாரும் கேட்டுக்குங்க. இன்ஜின் நின்ன படகு சும்மா நிக்காது, போய்க்கிட்டே இருக்கும். குனிஞ்சு ஸ்பேனர் பிடிச்சிருக்கறவனுக்குக் கரை கிட்ட வர்றது தெரியாது. ஒன்றரை மைல்ங்கறது நிறைய நேரம் மாதிரி தோணும். ஒரு நட்டு துருப்பிடிச்சிருந்தா அந்த நேரம் பூரா போயிடும்.

மாமா, 8:02
கூலன்ட் மூடியைத் தொடாதே, ஆவி முகத்துல அடிக்கும். கடல் தண்ணி உள்ள வர்ற அடி வால்வை மூடிட்டு, குப்பையை வடிகட்டற ஸ்ட்ரெய்னரைத் திற. மூடாம திறந்தா கடல் உள்ள வரும். இன்ஜின் சாவியை அந்த வால்வுலயே மாட்டி வை. வால்வைத் திறக்காம ஸ்டார்ட் பண்ண முடியாது.

அண்ணி, 8:14
(போட்டோ)
ஸ்ட்ரெய்னர் பூரா பிளாஸ்டிக் தாள். அதுக்கு மேல பாசி.

அண்ணன், 8:19
சுத்தம் பண்ணி, வால்வு திறந்து ஸ்டார்ட் பண்ணினேன். இன்னும் தண்ணி வரல. உடனே நிறுத்திட்டேன்.

மாமா, 8:20
அப்ப இம்பெல்லர், பம்புக்குள்ள தண்ணியைத் தள்ளற ரப்பர் சக்கரம், போயிருக்கு. அந்த ரப்பருக்குக் கடல் தண்ணிதான் எண்ணெய் மாதிரி. வறண்டு சுத்தினா உரசியே கிழிஞ்சுடும். வால்வை மறுபடி மூடிட்டுப் பம்பு தட்டைக் கழட்டு. ஸ்க்ரூ பில்ஜுல (படகோட அடிக்குழியில) விழாம அடியில துணி விரி.

அண்ணன், 8:38
(போட்டோ)
ஆறு இதழ்ல ரெண்டு இல்ல. ஒண்ணு பம்புக்குள்ளயே கிடந்தது. இன்னொண்ணைக் காணோம். புதுசை மாட்டிடட்டுமா?

மாமா, 8:39
தேடு. அது தண்ணி போற வழியிலதான் இருக்கும். பம்புல இருந்து, இன்ஜின் சூட்டை இறக்கற ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குப் போற ஹோஸைக் கழட்டிப் பாரு. விட்டா அந்தத் துண்டு அதோட வாயை அடைச்சுக்கும், புது இம்பெல்லர் போட்டும் சூடாகும்.

நான், 8:40
அண்ணி, நடுநடுவுல கரைக் குறியையும் பாருங்க.

அண்ணி, 8:41
அதான் என் வேலை. அப்படியே இருக்கு.

அண்ணன், 8:52
கிடைச்சுடுச்சு! ஹோஸ் முனையிலேயே ஒட்டியிருந்தது. ரெண்டு துண்டையும் பழைய இம்பெல்லரோட பொருத்திப் பார்த்தேன், முழுசா சேருது.

மாமா, 8:53
அருமை மாப்ள. இனி சோப்புத் தண்ணி தடவி, சுத்தற திசையிலயே திருகித் தள்ளு, இதழ் எதிர்ப்பக்கமா மடங்கணும். கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊறிடும்.

அண்ணி, 9:11
தண்ணி வருது!! அதே பழைய சத்தம்!

அம்மா, 9:11
அப்பாடா.

அண்ணன், 10:58
முகத்துவாரம் வந்தாச்சு. டெம்பரேச்சர் கடைசி வரைக்கும் ஏறவே இல்ல. 3 மீட்டர் ஆழம், மணல் அடி. ஓதம் (கடல் ஏற்றம்) இன்னும் ஒன்றரை மீட்டர் ஏறும். அதையும் அணியத்தையும் சேர்த்து, அஞ்சு மடங்குக்குக் கொஞ்சம் மேல, 30 மீட்டர் விட்டிருக்கேன்.

மாமா, 11:02
சரியான கணக்கு. மெதுவா ரிவர்ஸ் கொடுத்து இறுக்கிட்டியா? பக்கத்துப் படகுல இடிக்காம நங்கூரத்தைச் சுத்தி வர இடம் இருக்கா?

அண்ணன், 11:04
ரெண்டும் பார்த்தாச்சு. போன்ல நங்கூர அலாரமும் வச்சாச்சு. ஸ்பேர் இம்பெல்லர் ஒண்ணுதான் இருந்தது, மாட்டியாச்சு. இன்னொண்ணும் பம்பு தட்டுக்கு கேஸ்கெட்டும் வாங்கிட்டுதான் திரும்பக் கிளம்புவோம்.

மாமா, 11:05
ரெண்டா வாங்கு.