மூன்று சாட்சிகளும் ஒரு தூதனும்: ‘ஞானக்கண்’ என்ற சொல் மார்மன் சாட்சியத்தை வீழ்த்திவிடுமா?

கேள்வி (கரையோர வாசகன்)

அனைவருக்கும் வணக்கம். சில மாதங்களாக மார்மன் சமயத்தின் தொடக்க வரலாற்றை வாசித்து வருகிறேன். நான் அச்சபையைச் சேர்ந்தவன் அல்லன், எதிர்ப்பவனும் அல்லன். 1830-இல் நியூயார்க் மாநிலத்துப் பல்மைராவில் அச்சான மார்மன் புத்தகத்தில் இரண்டு சாட்சியப் பத்திரங்கள் சேர்க்கப்பட்டிருந்தன. ஒன்றில் ஆலிவர் கவுடரி, டேவிட் விட்மர், மார்ட்டின் ஹாரிஸ் ஆகிய மூவரும், தேவதூதன் ஒருவன் வானிலிருந்து இறங்கி வந்து அப்புத்தகத்தின் மூலநூல் பொறிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் பொன் தகடுகளைத் தங்கள் கண்முன் வைத்தான் என்று கையொப்பமிட்டுள்ளனர். மற்றொன்றில் எட்டுப் பேர், தூதன் எவனுமின்றி, சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தே காட்டிய தகடுகளைக் கையால் தொட்டுப் பார்த்ததாகச் சொல்லியுள்ளனர்.

விமர்சகர்களின் வாதங்களில் இரண்டு என்னை மிகவும் யோசிக்க வைக்கின்றன. முதலாவது, தகடுகளை ஊனக்கண்ணால் கண்டீரா என்று வினவியபோது, இல்லை, ஆவிக்குரிய கண்ணால் கண்டேன் என்று ஹாரிஸ் விடையளித்ததாகப் பதிவு உள்ளது. இரண்டாவது, ஸ்மித் தமது முதல் தரிசனத்தைப் பற்றி, அதாவது இளமையில் இறைவன் தமக்குத் தோன்றியதாக அவர் சொன்னதைப் பற்றி, 1832, 1835, 1838, 1842 ஆகிய ஆண்டுகளில் தந்த விவரங்கள் ஒன்றுபோல் இல்லை. இவற்றுக்கு ஆதரவாளர்கள் தரும் விடையில் சாரம் ஏதேனும் உண்டா, அல்லது அது வெறும் சமாளிப்புதானா?

மறுமொழி (பழஞ்சுவடி)

நான் பிற்காலப் பரிசுத்தவான்கள் சபையின், அதாவது மார்மன் சபையின், உறுப்பினன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்குரிய கழிவைக் கழித்துக்கொண்டு வாசியுங்கள்.

ஹாரிஸின் கூற்றிலிருந்து தொடங்குகிறேன். ‘ஆவிக்குரிய கண்’ என்ற விடையைப் பதிவு செய்தவர், புத்தகத்துக்கு எழுத்துக் கோத்த ஜான் கில்பர்ட். அவர் அதை எழுதிவைத்தது 1892-இல், அதாவது அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு. ஆயினும் அந்தக் காலத் தொலைவைக் காட்டித் தப்பிக்க நான் விரும்பவில்லை. ஹாரிஸ் அப்படிச் சொல்லியிருக்கக்கூடும் என்றே கொள்கிறேன். அச்சொல்லுக்கு அவர் என்ன பொருள் கொண்டார் என்பதுதான் வினா. இன்றைய வாசகர் ‘ஆவிக்குரிய கண்’ என்றால் ‘கற்பனை’ என்று பெயர்த்துக்கொள்கிறார். தமிழ் அறிந்த நமக்கு இந்தத் தடுமாற்றம் வரவேண்டியதில்லை. ஒருவர் ஞானக்கண்ணால் கண்டேன் என்றால், காணாததைக் கண்டதாகச் சொல்கிறார் என்று நாம் பொருள்கொள்வதில்லை. ஊனக்கண்ணுக்கு எட்டாததைக் கண்டதாக உரிமை கோருகிறார் என்றே கொள்கிறோம். அந்த உரிமைகோரலை ஏற்பதும் மறுப்பதும் வேறு செய்தி. 1830-இல் ஸ்மித் வெளிப்படுத்தியதாகச் சபை ஏற்கும் மோசேயின் தரிசனத்திலும் இதே வேறுபாடு வருகிறது: இயற்கைக் கண்ணால் அன்று, ஆவிக்குரிய கண்ணாலேயே இறைவனைக் கண்டேன் என்கிறார் மோசே. ஆகவே ஹாரிஸ் தம் கூட்டத்தாரின் வழக்குச் சொல்லைத்தான் பயன்படுத்தினார். விவிலியத்திலும் பவுல், தாம் மூன்றாம் வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது சரீரத்திலா, சரீரத்துக்குப் புறம்பேயா என்பதை அறியேன் என்று கொரிந்தியருக்கு எழுதவில்லையா?

இதைவிட வலுவானதாக எதிர்த்தரப்பினர் காட்டுவது, ஸ்டீபன் பர்னெட் என்பவர் 1838 ஏப்ரலில் எழுதிய கடிதம். மூவரும் தகடுகளைக் கண்ணால் காணவில்லை, தரிசனத்திலோ கற்பனையிலோ மட்டுமே கண்டனர், எட்டுப் பேரும் காணவே இல்லை என்று ஹாரிஸ் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லக் கேட்டுத் தாம் நம்பிக்கை இழந்ததாக அவர் எழுதுகிறார். வழக்கமாக மேற்கோள் இந்த இடத்தில் வெட்டப்பட்டுவிடுகிறது. கடிதம் மேலும் தொடர்கிறது: பர்னெட் முதலியோர் பேசி முடித்தபின் ஹாரிஸ் எழுந்து, மார்மன் புத்தகத்தைத் தள்ளிவிடுவோருக்காக வருந்துகிறேன், அது உண்மை என்பதை நான் அறிவேன் என்கிறார், பெட்டிக்குள் ஒரு துணியால் மட்டும் மூடியிருந்த தகடுகளைப் பலமுறை தூக்கிப் பார்த்ததாகவும், ஆனால் ஒரு மலையை ஊடுருவி நகரத்தைப் பார்ப்பதுபோலன்றி அவற்றைக் கண்டதில்லை என்றும் சொல்கிறார். அவர் தூக்கிய கனத்தையும் கண்ட காட்சியையும் தனித்தனியே பிரித்துச் சொல்வதைக் கவனியுங்கள். மனத்தால் புனைந்ததையும் கையால் தூக்கியதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் மனிதர் இப்படிப் பேசுவதில்லை. சபையைக் கைவிட்டுச் சென்றவரின் கடிதத்திலேயே ஹாரிஸின் உறுதிமொழி பாதுகாக்கப்பட்டிருப்பதை நான் சிறிய செய்தியாகக் கருதவில்லை.

அடுத்து, இம்மூவரும் பின்னாளில் எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்க்க வேண்டும். 1837 இறுதிக்கும் 1838 ஏப்ரலுக்கும் இடையில் மூவருமே சபையிலிருந்து விலக்கப்பட்டனர். கவுடரி ஸ்மித்தின் ஒழுக்கத்தின்மீதே குற்றம் சுமத்தியவர். பின்பு ஒஹையோவிலும் விஸ்கான்சினிலும் வழக்கறிஞராக வாழ்ந்தார். தூதனைக் கண்டதாகச் சொல்லும் வழக்கறிஞர் என்ற பெயர் அத்தொழிலில் பயன் தரக்கூடியது அன்று. ஹாரிஸ் புத்தகத்தின் அச்சுச் செலவான 3,000 டாலருக்காகத் தமது நிலத்தை அடகு வைத்து, 1831-இல் அதில் 151 ஏக்கரை விற்றவர். சதி ஒன்று இருந்திருந்தால், அதைப் போட்டுடைத்துத் தம் பெயரையும் பழைய கணக்கையும் தீர்த்துக்கொள்ள இவர்களுக்கு ஏற்ற ஆண்டு 1838. அப்போதும் மூவரில் ஒருவரும் தூதனை மறுக்கவில்லை. கவுடரி 1848-இலும் ஹாரிஸ் 1870-இலும் மீண்டும் ஞானஸ்நானம் பெற்றனர். விட்மர் திரும்பவே இல்லை. ஆனால் அவர் தம் சாட்சியத்தை மறுத்துவிட்டதாக ஒருவர் பரப்பியபோது, 1881-இல் தம் ஊரான மிசௌரி ரிச்மண்டில் அதை மறுத்து அறிக்கை வெளியிட்டார். ஊர்ப் பெரியோர் அவரது நாணயத்துக்குச் சான்றளித்தனர்.

முதல் தரிசனத்தின் வேறுபாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1832-இல் ஸ்மித் பாவமன்னிப்பைத் தேடிய இளைஞராகத் தம்மைக் காட்டி ‘ஆண்டவர்’ என்று மட்டும் எழுதுகிறார். 1838-இல் இருவர் தோன்றியதாகவும் எந்தச் சபையில் சேர்வது என்று வினவியதாகவும் எழுதுகிறார். முன்னது சொல்லாததைப் பின்னது சொல்வது முரண் ஆகாது. அப்போஸ்தலர் நடபடிகளில் தமஸ்கு வழியில் பவுலுடன் சென்றோர் குரலைக் கேட்டதாக ஒன்பதாம் அதிகாரமும், கேட்கவில்லை என்று இருபத்திரண்டாம் அதிகாரமும் சொல்கின்றன. அதனால் பவுல் எதையும் காணவில்லை என்று முடிவு செய்வோர் சிலரே.

மறுமொழி (அரைச்சந்தேகம்)

பழஞ்சுவடி அவர்கள் நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். ஆயினும் தங்கள் வாதத்தில் ஒரு தாவல் இருக்கிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை என்பதை நிறுவிவிட்டு, தூதன் வந்தான் என்பதற்கு அருகில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறீர்கள். இடையில் பெரிய வெளி கிடக்கிறது.

மூவரும் தூதனைக் கண்டதாகச் சொல்லும் 1829 ஜூன் நிகழ்வை ஸ்மித்தே விவரித்திருக்கிறார். விட்மர் வீட்டருகே காட்டுக்குள் நால்வரும் சென்று முறைவைத்து மண்டியிட்டு வேண்டுகிறார்கள், விடை இல்லை. மறுபடியும் வேண்டுகிறார்கள், அப்போதும் இல்லை. தம்மால்தான் தடை என்று ஹாரிஸ் தாமாகவே விலகிப் போகிறார். அதன் பின்னரே மற்றவர்களுக்கு ஒளியும் தூதனும் தெரிகின்றன. பிறகு ஸ்மித் போய் ஹாரிஸைத் தேடிப்பிடித்து, அவருடன் சேர்ந்து வேண்ட, அவரும் கண்டுவிட்டதாகக் கூவுகிறார். காண்பீர்கள் என்று முன்கூட்டியே வாக்களிக்கப்பட்டவர்கள், காணாவிட்டால் குறை தம் விசுவாசத்தில்தான் என்று நம்பியவர்கள், காணும்வரை வேண்டிக்கொண்டே இருக்கிறார்கள். இந்தச் சூழலில் ஒன்றும் காணாமல் திரும்பியிருந்தால்தான் நான் வியந்திருப்பேன்.

விட்மரைப் பற்றியும் ஒரு சொல். 1887-இல் அவர் வெளியிட்ட சிற்றேட்டில், என் சாட்சியத்தை நம்புவீர்களானால், 1838 ஜூனில் அதே இறைவன் தம் சொந்தக் குரலில் என்னுடன் பேசி, இந்தச் சபையாரை விட்டுப் பிரிந்துபோ என்று கட்டளையிட்டதையும் நம்புங்கள் என்கிறார். தங்கள் சபை முதலாவதை ஏற்று இரண்டாவதை விட்டுவிடுகிறது. சாட்சியின் நாணயம்தான் அளவுகோல் என்றால் இரண்டையும் அல்லவா ஏற்க வேண்டும்? ஸ்மித்தின் மறைவுக்குப்பின் தாமே அவரது வாரிசு என்று உரிமை கோரிய ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1845-இல் விஸ்கான்சினில் ஒரு மரத்தடியிலிருந்து பித்தளைத் தகடுகளை எடுத்துக் காட்டினார். அவருக்கும் சாட்சிகள் இருந்தனர், ஹாரிஸும் 1846-இல் அவர் சார்பில் இங்கிலாந்துக்குச் சென்றார். எட்டுச் சாட்சிகளில் ஐவர் விட்மர் குடும்பத்தவரும் அவர்களின் மைத்துனரும், மற்ற மூவர் ஸ்மித்தின் தந்தையும் உடன்பிறந்தோரும் என்பதை வைத்து மார்க் ட்வைன் கேலி செய்ததை நான் இங்கே எடுக்கவில்லை. உறவினர் சாட்சி சொன்னால் பொய் என்பது சோம்பேறி வாதம்.

மறுமொழி (பட்டறைக்காரன்)

சமயத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு நகைப் பட்டறை உண்டு. அதனால் கனத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஸ்மித் தந்த அளவு அகலம் 6 அங்குலம், நீளம் 8, தடிமன் ஏறக்குறைய 6. அது கட்டிச் சொக்கத் தங்கமாக இருந்தால் 90 கிலோவுக்குமேல் வரும். எவரும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நடக்க முடியாது. இதைக் காட்டியே பலர் கதையை முடித்துவிடுகிறார்கள். ஆனால் கையால் தட்டிய தகடுகளை அடுக்கிப் பாருங்கள், ஒன்றின்மேல் ஒன்று படிந்து உட்காராது. விளிம்பு ஒருபுறம் தூக்கும், நடு ஒருபுறம் புடைக்கும், அடுக்கில் பாதி காற்றுதான். செம்பு மிகுதியாகக் கலந்த பொன் என்றால் கனம் இன்னும் குறையும். தூக்கிப் பார்த்தவர்கள் சொன்ன 40 முதல் 60 பவுண்டுக்குள், அதாவது கடையில் வாங்கும் 25 கிலோ அரிசிச் சிப்பத்தை ஒட்டி, அது வந்துவிடும். நம்புவோர் மகிழ வேண்டாம்; சாதாரண இரும்புத் தகட்டை வெட்டி அடுக்கினாலும் அதே கணக்குக்குள் வரும். தராசை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க இயலாது.

மறுமொழி (பழஞ்சுவடி)

பட்டறைக்காரர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். துணி மூடிய அந்தப் பொருளின் விளிம்பைப் பெருவிரலால் நெருடியதாகவும், புத்தகத்தின் ஓரத்தை நெருடினால் ஏடுகள் அசைவதுபோல் தகடுகள் உலோக ஒலியுடன் சலசலத்ததாகவும், ஸ்மித்தின் மனைவி எம்மா 1879-இல் தம் மகனிடம் சொன்னார். அதன் உலோகம் எது என்பதை எம்மாவும் சொல்லவில்லை. ஆனால் அங்கே ஒரு பொருள் இருந்தது என்று ஒத்துக்கொண்டால், எல்லாமே மனப்பிரமை என்ற விளக்கம் நிற்காது. ஸ்மித் அதைச் செய்து வைத்தார் என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் மூவர் கண்ட காட்சிக்கு மனப்பிரமை, எட்டுப் பேர் தொட்ட பொருளுக்கு மோசடி என்று இரண்டு விளக்கங்களைச் சேர்த்துத் தைக்க வேண்டியிருக்கிறது. அது இயலாதது அன்று, எளியதும் அன்று.

அரைச்சந்தேகம் அவர்கள் குறிப்பிட்ட தாவலை மறுக்கவில்லை. நாணயமான சாட்சி தூதனை நிறுவாது. மோசடிக் குற்றச்சாட்டைத்தான் அகற்றும். நானும் அதற்குமேல் இந்தச் சாட்சியத்திலிருந்து கோர மாட்டேன். மீதி என் விசுவாசம், அதை இங்கே வாதமாக வைப்பது முறையன்று.

காட்டில் நடந்ததைத் தாங்கள் படித்த முறையில் படிக்கலாம் என்பதையும் ஏற்கிறேன். எனினும் முதல் இரண்டு சுற்றுகளில் ஒன்றும் நிகழவில்லை என்பதை மறைக்காமல் எழுதியவர் ஸ்மித்தே. மேலும், அன்று அவர் வீட்டுக்குள் வந்து பெற்றோரிடம், இனி இவ்வுலகில் இந்தச் சுமையை நான் தனியே தாங்க வேண்டியதில்லை என்று மகிழ்ந்து சொன்னதாக அவரது தாயார் லூசி நினைவுகூர்கிறார். மகன்மேல் பற்றுள்ள தாயின் பிற்கால நினைவு அது என்பதை அறிவேன். ஆயினும் ஏமாற்றியவரின் நிம்மதியாக அது எனக்கு ஒலிக்கவில்லை.

விட்மரின் 1838 குரல்தான் உண்மையிலேயே கடினமான வினா. எங்கள் தரப்பில் பலர் அதைச் சொல்லாமல் தாண்டிவிடுவது எனக்கும் உறுத்தல்தான். என் விடை இது: அந்தக் குரலை அவர் தனியே கேட்டார், அதற்கு வேறு சாட்சி இல்லை; 1829-இன் காட்சிக்கு, ஸ்மித்துடன் பகைத்துப் பிரிந்த மற்ற இருவரும் சாட்சிகள். ஒருவர் இரண்டையும் மெய்யாக நம்பலாம். கேட்கும் நாம் இரண்டுக்கும் ஒரே எடை கொடுக்கத் தேவையில்லை. ஸ்ட்ராங்கின் சாட்சிகளோ மண்ணிலிருந்து தோண்டியெடுத்த பித்தளையைத்தான் கண்டார்கள். தூதன் எவனையும் அவர்கள் கண்டதாகச் சொல்லவில்லை, ஆகவே மறுக்க வேண்டியதும் அவர்களுக்கு ஒன்றுமில்லை.

கரையோர வாசகன் அவர்களே, முதலில் பர்னெட் கடிதத்தைத் துண்டு மேற்கோளாக அன்றி முழுமையாகத் தேடி வாசியுங்கள். ஹாரிஸ் எழுந்து நிற்கும் இடம் வந்ததும் தங்களுக்கு என்ன தோன்றியது என்பதை இங்கேயே எழுதுங்கள். அங்கிருந்து மேலே பேசலாம்.