அப்பாவுக்குப் பல்கலைக்கழக நிகழ்ச்சிகள் பார்க்க வேண்டும், எங்கிருந்து தொடங்கலாம்?

கேட்டவர்: கொட்டகலை மகள்

எல்லாருக்கும் வணக்கம். என் அப்பா தேயிலைத் தோட்டத்து இஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், கொழுந்தை நசுக்கும் ரோலர் பக்கம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் தம்பியின் விஞ்ஞானப் புத்தகம் கையில் கிடைத்தால் ஒவ்வொரு படத்தையும் காட்டி விளக்கம் கேட்பார். இப்போது நாள் முழுக்க வீட்டில்தான். டிவியில் வரும் சீரியலில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. நெனச அலைவரிசையைப் பார்த்தார், அது பிள்ளைகளின் பாடத்திட்டத்துக்கானது. "நான் என்ன பரீட்சை எழுதவா போறேன்? தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்" என்கிறார்.

ரோலரில் நசுங்கிய கொழுந்து ஏன் செம்பு நிறமாகிறது, முன்பு மாதம் பார்த்து வந்த மழை ஏன் இப்போது தப்பி வருகிறது, இப்படித்தான் அவர் கேட்பதெல்லாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பொதுமக்களுக்கென்றே நிகழ்ச்சி செய்வதாகக் கேள்விப்பட்டேன். காசு கட்ட வேண்டுமா? அப்பாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் தெரியும். இன்டர்நெட் என் போன் டேட்டாதான்.

பதில்: தலவாக்கலை டீச்சர்

மகள், அப்பாவின் கேள்விகளை வாசித்ததும் சந்தோஷமாக இருந்தது. நான் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். இந்த நிகழ்ச்சிகளை எங்கள் ஊர்ப் பெரியவர்களோடு சேர்ந்து பார்ப்பதுண்டு.

முதலில் யூசிடிவியைப் பாருங்கள். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தொலைக்காட்சி அது. 2000 ஜனவரியில் அமெரிக்காவில் செய்மதி வழியாகத் தொடங்கியது. இப்போது அவர்களுடைய தளத்திலும் யூடியூபிலும் இலவசமாகப் பார்க்கலாம். பதிவு, பரீட்சை, கட்டணம் எதுவும் இல்லை. அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பத்து வளாகங்கள். மருத்துவம், கடல், வரலாறு, மனிதன் தோன்றிய விதம் என்று அங்குள்ள ஆய்வாளர்கள் பேசுவார்கள். கேட்க வந்திருப்பவர்களில் ஊர்ச் சனமும் இருக்கும்.

அப்பா படிக்காதவராயிற்றே என்று தயங்க வேண்டாம். பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் 1971 முதல் 2006 வரை பிபிசியில் பாடங்களை ஒளிபரப்பியது. மாணவராகப் பதியாத எத்தனையோ பேர் இரவில் விழித்திருந்து அதைப் பார்த்தார்கள். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 1984இல் தூர்தர்ஷனில் இதே வேலையைத் தொடங்கியது. அறிய ஆசைப்படுகிறவர் யாரானாலும் பார்க்கலாம் என்றுதான் இவை எல்லாம் வந்தன.

மழைக் கேள்விக்கு நான் கீலிங் வரைபடத்தில் தொடங்குவேன். மொழி தெரியாமலே அதைப் படிக்கலாம். சான் டியாகோ வளாகத்தின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் டேவிட் கீலிங், ஹவாயின் மவுனா லோவா மலையில் 1958இல் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை அளக்கத் தொடங்கினார். நகரத்துப் புகை எட்டாத உயரம், நன்றாகக் கலந்த காற்று, அதனால்தான் மலை. அப்போது பத்து இலட்சத்தில் சுமார் 313 பங்கு. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அது வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு. காற்றும் கடலும் சூடாகும்போது மழையின் போக்கும் மாறுகிறது. கோடு நேராக ஏறாது, வாள் பல் மாதிரி ஒவ்வொரு வருடமும் ஏறி இறங்கி, மொத்தத்தில் மேலே போகும். வடக்கே கோடையில் செடிகள் அந்த வாயுவை இழுத்துக்கொள்வதால் இறங்கும், இலையுதிர்ந்து மக்கும்போது ஏறும். மே மாதத்தில் உச்சம், செப்டெம்பர் அளவில் அடி. அப்பாவை விரலால் கோட்டைத் தொடர்ந்து போகச் சொல்லுங்கள். ஏன் இறங்குகிறது என்று அவரே கேட்பார், அதற்குப் பிறகு பேச்சைப் போடுங்கள்.

கொழுந்துக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லலாம். இலையின் கலங்கள் நசுங்கும்போது, அதுவரை தனித்தனியாக இருந்த பாலிபீனோல்களும் ஒரு நொதியமும் கலந்துவிடும். காற்றிலுள்ள ஒட்சிசன் சேர்ந்ததும் நிறம் மாறும். ட்ரையரின் சூடு அந்த நொதியத்தைச் செயலிழக்கச் செய்து மாற்றத்தை நிறுத்துகிறது. வெட்டி வைத்த கத்தரிக்காய் கறுப்பதும் இதே வகைத் தாக்கம்தான்.

ஒன்று முக்கியம். ஒரு மணி நேரப் பேச்சை ஒரே மூச்சில் போடாதீர்கள். நீங்கள் முன்கூட்டியே பார்த்து, படமும் வரைபடமும் வரும் பகுதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே நிறுத்தி உங்கள் தமிழில் சொல்லுங்கள்.

பதில்: ஹட்டன் பொடியன்

அக்கா, டேட்டா விஷயம் மட்டும் சொல்கிறேன். தரத்தை 360இல் வையுங்கள், பேச்சுக்கு அது போதும். எழுத்து நிறைந்த ஸ்லைடு வந்தால் மட்டும் கூட்டுங்கள். யூடியூபில் வசன வரிகளைத் தானாகத் தமிழுக்கு மாற்றும் வசதி உண்டு. விஞ்ஞானச் சொற்களில் அது தடுமாறும், பொது வசனங்களுக்குச் சரி. படம் தேவையில்லாத பேச்சென்றால் போட்காஸ்டாகவே கேட்கலாம், டேட்டா மிச்சம்.

பதில்: பண்டாரவளை வாசகன்

எல்லாம் நல்ல யோசனைகள். ஆனாலும் எனக்கு ஒரு ஆதங்கம். பேராதனைப் பல்கலைக்கழகம் நம் மலைநாட்டிலேயே இருக்கிறது. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980 முதல் இருக்கிறது. தேயிலை ஆராய்ச்சி நிறுவனமோ டீச்சரின் தலவாக்கலையில். மண்ணரிப்பு பற்றியும் கொழுந்து பற்றியும் இந்த மலையில் வேலை செய்தவர்களுக்குத் தமிழில் அரை மணி நேரம் பேச ஆள் இல்லாமலா இருக்கும்? வெளியே இருந்து வருவதைப் பார்ப்போம், இங்கிருந்தும் வேண்டும் என்று கேட்போம். நான் எழுதிக் கேட்கப் போகிறேன். கூட எழுத விரும்புகிறவர்கள் கீழே சொல்லுங்கள்.

கொட்டகலை மகள்

டீச்சர், கோட்டைக் காட்டினேன். நீங்கள் சொன்னபடியே கேட்டார், நானும் சொன்னேன். உடனே அடுத்த கேள்வி: "நம்ம தேயிலை வருசம் முழுக்கத் துளிர்க்குதே, பீதுருதாலகாலையில வச்சு அளந்தா இப்படி ஏறி இறங்குமா?" என்ன சொல்வது? பண்டாரவளை அண்ணே, என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தலவாக்கலை டீச்சர்

அருமையான கேள்வி, மகள். அங்கேயும் ஏறி இறங்கும் என்று சொல்லுங்கள். காற்று ஊருக்கு ஊர் வேலி போட்டு நிற்பதில்லை. வடக்கே பெருங்காடுகள் இழுப்பதும் விடுவதும் நம் மலைக் காற்றிலும் தெரியும். தென்துருவத்தில் அளந்தால் ஏற்ற இறக்கம் மிகச் சிறியது, தெற்கே நிலமும் காடும் குறைவு. மவுனா லோவா கோட்டையும் தென்துருவக் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்ட படம் ஸ்கிரிப்ஸ் தளத்தில் கிடைக்கும். அடுத்து அதைக் காட்டுங்கள்.