சீன ஸ்னூக்கர் வீரர் டிங் ஜுன்ஹுயின் 2005 பெய்ஜிங் வெற்றி கணக்கில் வருமா, வராதா?

கறுப்புப்பந்து:
பக்கத்துத் திரியில் நீலமுனை எழுதியதைப் படித்ததும் எரிச்சல் தாங்கவில்லை, அதனால்தான் இந்தத் திரி. அவர் எழுதியது இது: "டிங்கின் முதல் ரேங்கிங் பட்டம் 2005 டிசம்பரில் யார்க்கில் வந்த யூகே சாம்பியன்ஷிப்தான். ஏப்ரலில் பெய்ஜிங்கில் சீன ஓப்பனை வென்றது வைல்டு கார்டு வெற்றி. அது கணக்கில் சேராது." (புதியவர்களுக்கு: உலகத் தரவரிசைக்குப் புள்ளி தரும் போட்டியில் வெல்வது ரேங்கிங் பட்டம். தகுதிச் சுற்று ஆடாமல் அமைப்பாளர்களின் அழைப்பில் வருவது வைல்டு கார்டு.)

ஏன் சேராது? 1987 ஏப்ரல் 1 அன்று பிறந்தவர் டிங். 2005 ஏப்ரல் 3 அன்று, 18 வயது முடிந்த இரண்டாம் நாள், ஏழு முறை உலக சாம்பியனான ஸ்டீபன் ஹெண்ட்ரியை இறுதியில் 9-5 என்று வீழ்த்தினார். வழியில் பீட்டர் எப்டன், மார்கோ ஃபூ, கென் டோஹர்ட்டி. எப்டனும் டோஹர்ட்டியும் உலகப் பட்டம் வென்றவர்கள். டோஹர்ட்டிக்கு அரையிறுதியில் ஒரு ஃபிரேம்கூட (ஆட்டத்துக்குள் வரும் தனிச் சுற்று) கிடைக்கவில்லை, 6-0. இதெல்லாம் கணக்கில் இல்லையென்றால் எதைத்தான் கணக்கு என்கிறீர்கள்?

நீலமுனை:
என் பெயரை இழுத்ததால் வருகிறேன். டிங் மோசமான ஆட்டக்காரர் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. அவர் அங்கே தகுதிச் சுற்று ஆடி வரவில்லை, அமைப்பாளர்கள் கொடுத்த வைல்டு கார்டில் வந்தார். அதனால் பட்டம் வென்றும் தரவரிசைப் புள்ளி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. புள்ளி இல்லாத ரேங்கிங் பட்டம் எப்படி ரேங்கிங் பட்டம் ஆகும்? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

பச்சைக்கம்பளம்:
போட்டி ரேங்கிங் போட்டி. வென்றவர் டிங். இதில் குழப்பம் எங்கே இருக்கிறது?

நீலமுனை:
புள்ளி எங்கே?

கறுப்புப்பந்து:
புள்ளியைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். புள்ளி தரவில்லை என்பது விதி எழுதியவர்களின் பிரச்சினை, 14 ஃபிரேம் ஆடியவரின் பிரச்சினை இல்லை. எதிரே நின்ற ஹெண்ட்ரி "இவர் வைல்டு கார்டு, விட்டுக்கொடுப்போம்" என்றா ஆடினார்? அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் மால்டா கோப்பையை வென்றிருந்தார். அவருடைய 36வது ரேங்கிங் பட்டம் அது. ஓய்வுபெறப் போகிற கிழவரை ஒரு பையன் வென்றான் என்று யாரும் இங்கே கதை கட்ட வேண்டாம்.

கடைசிஃபிரேம்:
கிழவர் என்றதும் ஞாபகம் வருகிறது. நீலமுனை பெரிதாகப் பேசும் யார்க் இறுதியில் எதிரே இருந்தவர் ஸ்டீவ் டேவிஸ், 48 வயது. 10-6. அதைக் கணக்கில் எடுப்பாராம், ஹெண்ட்ரியை வென்றதை எடுக்கமாட்டாராம்.

நீலமுனை:
டேவிஸைக் கேலி செய்யாதீர்கள். அந்த இறுதிக்கு வரும் வழியில் அரையிறுதியில் இதே ஹெண்ட்ரியைத்தான் வென்று வந்தார். ஆறு முறை யூகே சாம்பியன். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் வெளியே இருந்து வந்த ஒருவர் அந்தப் பட்டத்தை வென்றது அதுவே முதல் முறை. டிங் உண்மையாகவே வந்து நின்ற இடம் யார்க். அவரைச் சிறுமைப்படுத்துகிறேன் என்று ஏன் திரிக்கிறீர்கள்? அவருடைய பெருமையை அது இருக்க வேண்டிய இடத்தில் வைக்கிறேன்.

கறுப்புப்பந்து:
உங்கள் பேச்சின் அடி இதுதான். இங்கிலாந்தில் வென்றால் "உண்மையாகவே" வென்றது. பெய்ஜிங்கில் வென்றால் ஏதோ வீட்டு விசேஷம்.

யீசிங்கில் பிறந்த பையன். சின்ன வயதிலேயே பள்ளியை விட்டுவிட்டு முழுநேரமும் மேசையில் நின்றவன். மகனுக்குப் பயிற்சி கிடைக்க வேண்டும் என்று அப்பா வீட்டையே விற்றுவிட்டு டோங்குவானுக்குப் போனார். 2002இல் ஆசிய சாம்பியன்ஷிப், 21 வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டம், இரண்டும் ஒரே ஆண்டில், 15 வயதில். 2003இல் தொழில்முறை. அப்படி வந்தவன் தன் நாட்டு மக்கள் முன்னால் ஹெண்ட்ரியை வீழ்த்தினான். சீனாவில் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் 10 கோடிக்கு மேல் என்று அப்போது செய்தி வந்தது. சீனாவில் இந்த ஆட்டம் பெரிதானது அந்த ஒரு வாரத்தால்தான். நீங்கள் புள்ளியைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

நீலமுனை:
10 கோடிப் பேர் பார்த்தால் புள்ளி வந்துவிடுமா? நான் கேட்டது வேறு, நீங்கள் எழுதுவது வேறு.

147பைத்தியம்:
புதியவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ரேங்கிங் பட்டம் வென்ற முதல் ஆசியர் டிங்தான். அதற்காகவாவது இந்தச் சண்டையை நிறுத்துங்கள்.

பச்சைக்கம்பளம்:
தவறு. தாய்லாந்தின் ஜேம்ஸ் வட்டானா 1992லேயே ஸ்ட்ராக்கன் ஓப்பனை வென்றுவிட்டார். அப்புறம் 1994, 1995இல் தாய்லாந்து ஓப்பன். இதைப் போன மாதமும் உங்களுக்குச் சொன்னேன். மறுபடி அதையே எழுதுகிறீர்கள்.

147பைத்தியம்:
போன மாதம் நீங்கள் சொன்ன விதத்துக்குத்தான் நான் பதிலே எழுதவில்லை. தப்பைத் திருத்துவது ஒன்று, ஆளை மட்டம் தட்டுவது வேறொன்று.

பச்சைக்கம்பளம்:
மட்டம் தட்டவில்லை. வட்டானாவை மறப்பது எனக்கு வலிக்கிறது, அவ்வளவுதான். அவர் ஆடிய காலத்தில் ஆசியாவிலிருந்து அவருக்குத் துணையாக யார் இருந்தார்கள்?

கறுப்புப்பந்து:
வட்டானாவுக்குத் தனித் திரி தொடங்குங்கள். நீலமுனை இன்னும் எனக்குப் பதில் சொல்லவில்லை. டிங்கின் ரேங்கிங் பட்டங்கள் மொத்தம் எத்தனை? 2024இல் இன்டர்நேஷனல் சாம்பியன்ஷிப் வென்றபோது 15 என்று எழுதினார்கள். பெய்ஜிங் 2005ஐச் சேர்த்தால்தான் 15 வரும். விட்டால் 14. ஆட்டத்தை நடத்துகிறவர்களே சேர்த்துக்கொள்கிறார்கள், இவர் சேர்க்கமாட்டாராம்.

நீலமுனை:
பட்டியலில் சேர்த்துக்கொள்வது அவர்கள் விருப்பம். அதே ஆட்கள் 2005இல் ஏன் புள்ளி தரவில்லை? ஒரே வெற்றிக்கு இரண்டு நியாயமா?

கடைசிஃபிரேம்:
சரி, ஜாவோ ஷின்டோங்குக்கு வாருங்கள். 2025இல் அமெச்சூராக வந்து மார்க் வில்லியம்ஸை 18-12 என்று வென்று உலக சாம்பியன் ஆனார். அதையும் கணக்கில் எடுக்கமாட்டீர்களா?

நீலமுனை:
நல்ல வேளை, நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள். ஜாவோ தகுதிச் சுற்றில் நான்கு ஆட்டம் வென்று, அதற்குப் பிறகுதான் உலக சாம்பியன்ஷிப் நடக்கும் குரூசிபிள் அரங்கத்துக்குள் நுழைந்தார். அரையிறுதியில் ஓ'சல்லிவனை 17-7 என்று வென்றார். யாரும் அவருக்கு அழைப்பு அனுப்பவில்லை. நான் இத்தனை நேரம் சொல்லும் வித்தியாசம் இதுதான்.

கறுப்புப்பந்து:
ஜாவோ 20 மாதத் தடையை முடித்துவிட்டு வந்தவர். அவரையும் டிங்கையும் ஒரே வாக்கியத்தில் வைக்காதீர்கள்.

கடைசிஃபிரேம்:
நான் உங்களுக்கு ஆதரவாகத்தானே எழுதினேன், கறுப்புப்பந்து? என் மேல் ஏன் பாய்கிறீர்கள்? அதுவும் தண்டனையை முடித்தவரை இன்னும் குத்திக்காட்டுவது நியாயமே இல்லை. முதல் ஆசிய உலக சாம்பியன் அவர். டிங் 2016 இறுதியில் மார்க் செல்பியிடம் 18-14 என்று தோற்றார், அந்தப் பட்டம் அவருக்கு வரவில்லை.

கறுப்புப்பந்து:
வரவில்லை, தெரியும். அதைச் சொல்லித்தான் இருபது வருடமாக டிங்கை அடிக்கிறார்கள். 2007 ஜனவரியில் மாஸ்டர்ஸ் போட்டியில் தன் முதல் ஆட்டத்திலேயே 19 வயதுப் பையன் 147 அடித்தான், ஒரே மூச்சில் எடுக்கக்கூடிய உச்சப் புள்ளி அது. அதை எவன் பேசுகிறான்? அதே போட்டியின் இறுதியில் ஓ'சல்லிவனிடம் 10-3 என்று தோற்றதை மட்டும் பேசுவான். அந்த இறுதியை முழுதாகப் பார்த்தவன் நான். முதல் இரண்டு ஃபிரேமும் டிங்குக்கு. அப்புறம் வெம்ப்லியில் கூட்டம் முழுக்க எதிர்ப்பக்கம் நின்றது. 9-3 ஆனதும் ஆட்டமே முடிந்தது என்று நினைத்துக் கை கொடுக்கப் போனான். ஓ'சல்லிவன்தான் தோளில் கை போட்டுத் தேற்றினார். அன்றைக்கு அந்தப் பையனின் முகத்தைப் பார்த்த எவனும் பெய்ஜிங்கை அவனிடமிருந்து பிடுங்கமாட்டான்.

நீலமுனை:
நானும் அதைப் பார்த்தேன், எனக்கும் வலித்தது. அதற்கும் 2005 புள்ளிக்கும் என்ன சம்பந்தம்?

147பைத்தியம்:
2013இல் டெல்லியில் நடந்த இந்தியன் ஓப்பன் இறுதியில் நம் ஆதித்யா மேத்தாவை டிங் 5-0 என்று வென்றாரே, அந்த சீசனில் மட்டும் ஐந்து ரேங்கிங் பட்டம், ஹெண்ட்ரியின் சாதனைக்குச் சமம். அதைப் பற்றிப் பேசலாமே?

பச்சைக்கம்பளம்:
தலைப்பு 2005. மேத்தா எதற்கு இங்கே?

147பைத்தியம்:
நான் எது எழுதினாலும் உங்களுக்கு ஆகாது.

கறுப்புப்பந்து:
யாரும் திசை திருப்ப வேண்டாம். நீலமுனை, கடைசியாகக் கேட்கிறேன். 2005 சீன ஓப்பன் சாம்பியன் யார்? ஒரு பெயர் எழுதுங்கள்.

நீலமுனை:
டிங் ஜுன்ஹுய். இதை நான் மறுத்ததே இல்லை. இப்போது நீங்கள் எழுதுங்கள், அதற்காக அவருக்கு வந்த தரவரிசைப் புள்ளி எத்தனை?

கறுப்புப்பந்து:
அவருடைய 15 பட்டங்களையும் ஆண்டு வாரியாக இன்று இரவு இங்கே போடுகிறேன். முதல் வரியில் பெய்ஜிங் இருக்கும்.

நீலமுனை:
போடுங்கள். பக்கத்தில் புள்ளிக்கும் ஒரு கட்டம் போடுங்கள்.