மறுமொழி: ‘டெய்லிங்ஸ்’ – கழிவு வண்டலா, அரவைமண்ணா?

நண்பர்களுக்கு வணக்கம். தாதுவை அரைத்துச் செம்பைப் பிரித்தபின் மிஞ்சும் பொடியை ஆங்கிலத்தில் ‘டெய்லிங்ஸ்’ என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற கேள்விக்குத்தான் இந்த மறுமொழி.

ராஜஸ்தானிலுள்ள கேத்ரி செப்புச் சுரங்கம் பற்றிய நம் கட்டுரையின் வரைவில் எல்லா மிச்சத்துக்கும் ‘கசடு’ என்றே போட்டிருக்கிறோம். ஆனால் அங்கே கிடப்பவை இரண்டு வேறு பொருள்கள்.

ஒன்று, அந்தக் காலத்தில் உலை மூட்டிச் செம்பு உருக்கியவர்கள் விட்டுப்போனது. தாதுவிலுள்ள இரும்பு மணலோடு சேர்ந்து உருகி மேலே மிதக்கும். வெளியே வடித்துவிட்டால் கறுப்புக் கண்ணாடிபோல இறுகிவிடும். இதற்குக் ‘கிட்டம்’ போதும். அகராதியில் இருக்கிறது, சித்த வைத்தியர்களும் சொல்கிறார்கள்.

சிக்கல் இரண்டாவதான டெய்லிங்ஸில்தான். 1967-இல் இந்துஸ்தான் காப்பர் நிறுவனம் வந்தபின் சேர்ந்தது அது. தாதுவை மாவாக அரைத்து, தண்ணீரில் கலக்கி, நுரை எழுப்புகிறார்கள். செம்புத்தாது நுரையில் ஒட்டி மேலே வந்துவிடும். மீதி அப்படியே குழம்பாகத் தேக்கத்துக்குப் போகும். நூறு டன் தாதுவில் செம்பு ஒரு டன் அளவுக்குத்தான் தேறும் என்றால் மீதி எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைக் ‘கழிவு வண்டல்’ என்கிறார் இங்கே முன்னால் எழுதிய மதுரை அண்ணன். தஞ்சாவூர்க்காரன் எப்படி ஒத்துக்கொள்வேன்? வண்டல் ஆறு கொண்டுவந்து போடுவது, பயிர் விளைவது. சுவாமிமலையில் சிலை வார்க்க மெழுகு உருவத்தின்மேல் ஸ்தபதிகள் முதலில் பூசுவதும் காவிரி வண்டலைத்தான். டெல்டாவில் செம்பு வெட்டியெடுக்க மலையில்லை, வார்ப்புக்கு வேண்டிய மண் இருக்கிறது. சுரங்கத் தேக்கத்தில் கிடப்பதோ கந்தகமும் இரும்பும் மிச்சமிருக்கிற பொடி. காற்றும் நீரும் பட்டால் அமிலம் கசியும். இரண்டுக்கும் ஒரே பெயரா?

என் பரிந்துரை ‘அரவைமண்’. தேங்கும் இடம் ‘அரவைமண் தேக்கம்’. ‘அரைமண்’ என்றால் பாதி மண் என்று படிப்பார்கள், வேண்டாம். ‘அரவை’க்கு வந்த கேள்வி இது:

> அரவை என்றாலே ரைஸ்மில் நினைவுதானே வரும்?

வரட்டுமே! ரைஸ்மில்லில் தவிடு, உமி, குருணை எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு, அங்கே மண் என்று எதுவும் கிடையாது. குழப்பம் வராது.

சரி, அடுத்தது ‘மேட்’. உருக்கும்போது கிட்டத்துக்கு அடியில் தங்கும், செம்பும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பொருள். இப்போதைக்குக் ‘கந்தகச்செம்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன், அவ்வளவு திருப்தியில்லை. ஸ்தபதிகளைக் கேட்டும் பயனில்லை, அவர்கள் கைக்கு வருவது சுத்திகரித்த செம்பு. வேதியியல் படித்தவர்கள் யாராவது நல்லதாக ஒன்று சொல்லுங்கள்.