மண்டையோட்டு உள்ளழுத்தம் உயரும்போது நாடித்துடிப்பு ஏன் குறைகிறது?

கேள்வி – இரண்டாமாண்டு செவிலிய மாணவி:
மூத்தவர்களுக்கு வணக்கம். அதிர்ச்சி நிலையில் (உறுப்புகளுக்கு இரத்தம் போதாத 'ஷாக்' நிலை) இரத்த அழுத்தம் விழுவதும் நாடி விரைவதும் புரிகிறது. ஆனால் தலைக்காயத்திற்குப் பின் மண்டையோட்டு உள்ளழுத்தம் உயரும்போது சிஸ்டாலிக் அழுத்தம் (இதயம் சுருங்கும்போதுள்ள இரத்த அழுத்தம்) ஏறி, நாடி குறைந்து, மூச்சு ஒழுங்கிழப்பதை 'குஷிங் முக்குறி' என்று மனப்பாடம் செய்தோமே தவிர, இம்மூன்றும் ஏன் சேர்ந்து வருகின்றன என்பது விளங்கவில்லை. இவை மூன்றும் தென்பட்ட பிறகுதான் மருத்துவரை அழைக்க வேண்டுமா?

பதில் – செவிலியக் கல்லூரி ஆசிரியர்:
மண்டையோடு விரிந்து கொடுக்காது. அதனுள் மூளைத் திசு ஏறத்தாழ 80 விழுக்காடும், இரத்தமும் மூளைத் தண்டுவடத் திரவமும் தலா 10 விழுக்காடும் உள்ளன. இரத்தக் கட்டியோ வீக்கமோ இடம் பிடிக்கத் தொடங்கினால், முதலில் திரவமும் சிரை இரத்தமும் வெளியேறி ஈடுகட்டுகின்றன. அந்த ஈடு தீர்ந்ததும் அழுத்தம் மளமளவென ஏறுகிறது.

சராசரித் தமனி அழுத்தத்திலிருந்து உள்ளழுத்தத்தைக் கழித்தால் கிடைப்பதே மூளைக்கு இரத்தத்தைத் தள்ளும் அழுத்தம். (மி.மீ. பாதரச அளவில்) சராசரி 90, உள்ளழுத்தம் 15 என்றால் மிச்சம் 75; உள்ளழுத்தம் 40 ஆனால் மிச்சம் வெறும் 50. இரத்தம் போதாமல் தவிக்கும் மூளைத்தண்டு, சிம்பதடிக் நரம்புகள் (உடலை அவசர நிலைக்குத் தயார்ப்படுத்தும் தன்னியக்க நரம்புகள்) வழியாக இரத்தக் குழாய்களைச் சுருக்கி உடலின் இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் அந்த உயர்வை உணர்ந்து, வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பைக் குறைக்கின்றன. மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளமே நசுங்கும் கட்டத்தில் மூச்சின் ஒழுங்கும் குலைகிறது. ஆகவே இந்த உயர் இரத்த அழுத்தம் மூளை தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சி. எண்ணைப் பார்த்துப் பதறி, மருத்துவரைக் கேளாமல் அதைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்தால் மூளைக்குச் செல்லும் இரத்தம் மேலும் குறையும்.

பதில் – நரம்பியல் தீவிர சிகிச்சைப் பிரிவு செவிலியர்:
ஆசிரியர் சொன்னவற்றோடு, உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: காத்திருக்கக் கூடாது. முக்குறி பெரும்பாலும் மிகத் தாமதமாகவே வருகிறது. அது முழுமையாகத் தெரியும்போது மூளை பிதுங்கி இறங்கத் தொடங்கியிருக்கலாம். முதலில் மாறுவது பெரும்பாலும் உணர்வுநிலைதான். சற்று முன் தேதியைச் சரியாகச் சொன்னவர் இப்போது மாதத்தை மாற்றிச் சொல்கிறார், காரணமின்றி எரிந்து விழுகிறார், அல்லது தோளைத் தட்டினால் மட்டும் கண் திறக்கிறார் என்றால், அப்போதே தகவல் போக வேண்டும். "தூங்கட்டும், பாவம்" என்ற இரக்கம் இந்த வார்டில் ஆபத்தானது.

டீஸ்டேலும் ஜென்னெட்டும் 1974-இல் வெளியிட்ட கிளாஸ்கோ கோமா அளவுகோலை (உணர்வுநிலைக்கு மதிப்பெண் தரும் முறை) கூட்டுத்தொகையாக மட்டும் குறிக்காமல், கண் (அதிகபட்சம் 4), பேச்சு (அதிகபட்சம் 5), அசைவு (அதிகபட்சம் 6) எனப் பிரித்து எழுதுங்கள். மொத்தம் 10 என்று மட்டும் எழுதினால், குறைந்தது பேச்சா, அசைவா என்பது அடுத்த ஷிப்டுக்குத் தெரியாமல் போகும். கண்மணிகளையும் ஒவ்வொரு முறையும் ஒப்பிடுங்கள்: மூளையின் பக்கவாட்டிலுள்ள டெம்போரல் மடலின் உள்விளிம்பு கீழிறங்கி மூன்றாம் கபால நரம்பை அழுத்தும்போது, அந்த நரம்பின் மேற்பரப்பில் ஓடும், கண்மணியைச் சுருக்கும் பாராசிம்பதடிக் இழைகள் முதலில் பாதிக்கப்படுவதால், பெரும்பாலும் காயம் உள்ள பக்கத்துக் கண்மணி விரிந்து ஒளிக்குச் சுருங்காமல் நிற்கும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. சுவாசக் குழாய் செலுத்தப்பட்ட நோயாளிக்குப் பேச்சு மதிப்பெண் 1 என்று போடலாமா, சிஸ்டர்? மருத்துவர் வரும் வரை நாங்கள் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

பதில் – நரம்பியல் தீவிர சிகிச்சைப் பிரிவு செவிலியர்:
1 போட வேண்டாம். 'சோதிக்க இயலவில்லை' என்று எழுதி, குழாய் இருப்பதையும் மயக்க மருந்து ஓடுவதையும் குறியுங்கள். தண்டுவடக் காயமோ குறைந்த இரத்த அழுத்தமோ இல்லையென்றால் படுக்கையின் தலைப்பகுதியை 30 பாகை உயர்த்துங்கள். தலை ஒரு பக்கம் சாய்ந்தால் கழுத்துச் சிரை நெரிந்து இரத்தம் இறங்காது என்பதால் கழுத்து நேராக இருக்கட்டும். கழுத்துப் பட்டையும் குழாயைக் கட்டிய நாடாவும் இறுக்கமாக உள்ளனவா என்று விரலை நுழைத்துப் பாருங்கள். சளி உறிஞ்சுவதைத் தேவைப்பட்டால் மட்டும், உறிஞ்சும் முன் ஆக்சிஜனைக் கூட்டி, சுருக்கமாகச் செய்யுங்கள். இருமல் ஒவ்வொன்றும் உள்ளழுத்தத்தை ஏற்றும்.