சண்டை நின்ற மறுநாள் உங்கள் வீட்டுப் பட்டாளத்துக்காரர் என்ன செய்தார்?

பேரக்ஸ் டீச்சர்:

நீலகிரியில் குன்னூர் பக்கத்து ராணுவ ஊரான எங்கள் வெலிங்டனில் வளர்ந்தவர்களுக்குத் துப்பாக்கிச் சத்தம் புதிதில்லை. காலையில் படபடவென்று கேட்டால் "இன்னிக்கு ஃபயரிங் போல" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விடுவோம். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பென்ஷன்காரர், சண்டைக் கதைக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் எல்லாக் கதையும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடும்: "அப்புறம் சண்டை நின்னுது, ஜெயிச்சோம்." மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்தீர்கள் என்று கேட்டால் "அதுல என்னம்மா இருக்கு" என்பார்கள். எனக்கு அதுதான் வேண்டும். வீட்டில் கேட்டது, நேரில் பார்த்தது எதுவானாலும் எழுதுங்கள். நானே தொடங்கிவைக்கிறேன்.

அப்பா 1971ல் பட்டாளத்தில் நாயக் பதவி. பாகிஸ்தானோடு நடந்த போரில் கிழக்கே, இன்றைய பங்களாதேஷ் பக்கம், போனவர். டிசம்பர் 3 முதல் 16 வரை, 13 நாளில் போர் முடிந்துவிட்டது. சரணடைந்த பாகிஸ்தான்காரர்கள், சிவிலியன்களையும் சேர்த்து, சுமார் 93,000 பேர். அத்தனை பேரையும் ரயிலேற்றிக் கொண்டுவந்து ராஞ்சி, ஆக்ரா, மீரட், ஜபல்பூர் என்று பல ஊர்க் கேம்ப்களில் வைத்தார்கள். அப்பாவுக்கு விழுந்தது ராஞ்சி. 1972 ஜூலையில் இரண்டு நாட்டுக்கும் சிம்லா ஒப்பந்தம் ஆனதும், சரி, ஊருக்குப் போய்விடலாம் என்று பெட்டியைத் துடைத்து வைத்தாராம். ஆனால் கைதிகளைப் பெரிய அளவில் திருப்பி அனுப்பத் தொடங்கியதே 1973 செப்டம்பர் கடைசியில்தான். முடிந்தது 1974 ஏப்ரலில்.

"டிசம்பர் 15ல அவனைப் பாத்தா நான் சுடணும். 17ல அவன் கம்பளி காணாமப் போனா நான் பதில் சொல்லணும்" என்பார் அப்பா. காலை ஒரு எண்ணிக்கை, சாயங்காலம் ஒரு எண்ணிக்கை. நடுவில் கம்பளி, தட்டு, சோப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனி எண்ணிக்கை. போர்க்கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் ஜெனீவா ஒப்பந்தத்தைக் கைதிகளுக்குப் புரிகிற மொழியில் கேம்ப்புக்குள் ஒட்டிவைக்க வேண்டும் என்று விதி. அதன்படி கைதிக்கு மாதம் குறைந்தது 2 கடிதம், 4 கார்டு எழுத உரிமை. சாதாரண சிப்பாய்க் கைதிக்கு மாதம் 8 சுவிஸ் பிராங்க் மதிப்புக்கு முன்பணம். காவல் நின்றவர்கள் முணுமுணுத்திருக்கிறார்கள். அப்பாவே மாதத்துக்கு ஒரு இன்லேண்டு லெட்டர்தான் குன்னூருக்குப் போடுவார். அதிலும் பாதிக்கு மேல் "இங்கு நலம், அங்கு நலமறிய ஆவல்"தான்.

அங்கே ஒரு பஞ்சாபி ஹவில்தார் கைதி. அப்பா வயசு. தினமும் டீயைக் கையில் வாங்கி முகர்ந்துவிட்டு, இது டீ இல்லை, கோவேறு கழுதை குளித்த தண்ணீர் என்பானாம். சண்டையில் கூட அப்பாவுக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை. தேயிலை விளையும் ஊர்க்காரரிடம் போய் இப்படிச் சொன்னால்? லீவில் வந்தபோது அரைக்கிலோ நல்ல தூள் வாங்கிப்போய் லங்கரில், அதாவது பட்டாளச் சமையற்கட்டில், கொடுத்துவிட்டார். ஆயிரம் பேருக்குக் காய்ச்சும் அண்டாவில் அரைக்கிலோ என்ன செய்யும்? மறுநாள் அந்த ஆள் ஒரு வாய் குடித்துவிட்டு "அதே கழுதை" என்றானாம். அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்தப் போரில் ராணுவத் தளபதியாக இருந்த மானெக்ஷா ஓய்வுக்குப் பிறகு குன்னூரில்தான் இருந்தார், 2008 ஜூன் 27ல் இங்கே ராணுவ ஆஸ்பத்திரியில்தான் காலமானார் என்று உங்களுக்கெல்லாம் தெரியும். அவர் கார் போனால் அப்பா, கையில் காய்கறிப் பை இருந்தாலும், விறைத்து நிற்பார். ஒரே ஒரு முறை மட்டும், கார் வளைவு திரும்பியதும், "அவர் சண்டையை முடிச்சுட்டார். கம்பளி எண்ணினது நான்தானே" என்றார்.

பிளாக் பிரிட்ஜ்:

டீச்சர், தப்பா நினைக்காதீங்க. சண்டைக் கதைன்னு வந்தா டீக்கதை ஓடுது.

எடப்பள்ளி சப்பர்:

தம்பி பிளாக் பிரிட்ஜ், சண்டையில் எனக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. காரணம், சண்டையே நடக்கவில்லை. ஆனால் என்னோடு ஒரே பிளாட்டூனில் இருந்த ஒருவருக்கு இன்று வலது கால் இல்லை. எழுதுகிறேன், படித்துப் பாருங்கள்.

2001 டிசம்பரில் பாராளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு படையை மேற்கு எல்லைக்கு நகர்த்தினார்கள். ஆபரேஷன் பராக்கிரம். சப்பர்கள், அதாவது பொறியாளர் படைக்காரர்களான நாங்கள் பஞ்சாப் எல்லையில் கண்ணிவெடி புதைத்தோம். கோதுமை முளைத்து நிற்கிற வயலில், நீட்டிய கை தெரியாத மூடுபனியில், வரிசை வரிசையாக. ஒவ்வொரு வரிசைக்கும் கணக்கும் வரைபடமும் உண்டு. எந்தக் குறியிலிருந்து எத்தனை எட்டு, எந்தப் பக்கம் என்று எழுதிவைப்போம். 2002 அக்டோபரில் திரும்பலாம் என்று உத்தரவு வந்தது. காலாட்படைக்காரர்கள் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். எங்களுக்கு அன்றைக்குத்தான் வேலை தொடங்கியது.

புதைத்தது பனியில். எடுக்கப் போனபோது நடுவில் ஒரு கோடையும் ஒரு மழையும் போயிருந்தது. தண்ணீர் மண்ணை நகர்த்தியிருந்தது, ஆளுயரத்துக்குப் புல், அடையாளக் கட்டைகளில் சில காணோம். சின்ன வகை கண்ணிவெடிக்கு உடம்பு பிளாஸ்டிக், உலோகம் பெயருக்குத்தான் இருக்கும். டிடெக்டர் பழைய ஆணிக்கெல்லாம் கத்தும், அதற்குச் சில சமயம் கத்தாது. கடைசியில் குப்புறப் படுத்து, மெல்லிய கம்பியைச் சாய்வாக மண்ணுக்குள் செலுத்தித் தடவிப் பார்ப்பதுதான் வழி. நேராகக் குத்தினால் அழுத்துமுனையில் பட்டுவிடும். சாய்வாகப் போனால் பக்கவாட்டில் தட்டும். அரைமணிக்கு ஒருமுறை ஆள் மாற்றுவார்கள், அதற்கு மேல் கை சொன்னபடி கேட்காது.

நான் கேத்தி பக்கம் பிறந்தவன். சின்ன வயதில் உருளைக்கிழங்கு தோண்டக் கூப்பிட்டால் ஓடி ஒளிவேன். கிழங்கு தோண்டும்போது நாலு விடுபட்டால் அடுத்த மழைக்கு முளைத்து வந்து தன்னையே காட்டிக்கொடுக்கும். இது கொடுக்காது.

எங்கள் வயலின் சொந்தக்காரர் ஒரு சர்தார். எழுபது வயதிருக்கும். தினமும் காலையில் வெள்ளை நாடாவுக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி, ஒரே கேள்வி: "கணக்கு ஒத்துப்போச்சா ஃபௌஜி?" ஒரு விதைப்பு ஏற்கெனவே போய்விட்டது, நிலத்துக்கு அரசாங்கம் நஷ்டஈடு தந்தது. அவருக்குப் பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை, நிலத்தில் கால் வைக்க வேண்டும். எங்கள் பிரிவுக் கணக்கில் அந்தத் துண்டில் மூன்று குறைந்தது. மூன்றே மூன்று. ஆனால் நூறு கிடைக்காவிட்டாலும் மூன்று கிடைக்காவிட்டாலும் நிலத்தை ஒப்படைக்க முடியாது என்பது ஒன்றுதான். அவருக்குக் கால் போனது அந்தத் தேடலில்தான், சுத்தம் என்று நாடா கட்டிய பாதையின் ஓரத்தில். அன்றைக்கு சர்தார் கேள்வி கேட்கவில்லை. மறுநாள் ஒரு பெரிய தூக்கு நிறைய லஸ்ஸி கொண்டுவந்து நாடாவுக்கு அருகில் வைத்துவிட்டுப் போனார்.

இது எந்த ஊர் நினைவுச் சின்னத்திலும் வராது. போர் நடந்திருந்தால்தானே.

ஹட்டிக்காரன்:

சப்பர் அண்ணா, உங்களுக்குப் பிறகு எழுதக் கூச்சமாக இருக்கிறது, என்னுடையது மாட்டுக் கதை.

நான் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி, அதாவது படகர் ஊர். ராணுவத்தில் டிரைவர். ஐ.நா. படையில் தெற்கு லெபனானுக்கு அனுப்பினார்கள். 2006 ஜூலை 12ல் தொடங்கி ஆகஸ்ட் 14 வரை, 34 நாள் அங்கே இஸ்ரேலுக்கும் ஹிஸ்புல்லாவுக்கும் போர் நடந்தது. நான் போய் இறங்கியபோது குண்டு விழுவது நின்று சில மாதம் ஆகியிருந்தது. ஆனால் விழுந்ததெல்லாம் அங்கேயே கிடந்தது. ஒரு குண்டுக்குள் பல குண்டு வைத்த கொத்துக்குண்டுகளின் வெடிக்காத சின்னச் சின்னக் குண்டுகள் ஆலிவ் தோப்பு, மேய்ச்சல் நிலம் எங்கும். பார்க்கப் பழைய பேட்டரி மாதிரி இருக்கும்.

எங்கள் வேலை நீலக்கோட்டில், அதாவது லெபனானுக்கும் இஸ்ரேலுக்கும் நடுவே ஐ.நா. குறித்த கோட்டில், ரோந்து. கோடு என்றால் தரையில் கோடெல்லாம் இல்லை, அங்கங்கே நீல பெயின்ட் அடித்த பீப்பாய்கள். துப்பாக்கி இருக்கும், தற்காப்பு மாதிரி கட்டாயம் வந்தாலொழிய எடுக்கக் கூடாது. மற்றபடி யார் எந்தப் பக்கம் வந்தார்கள் என்று எழுத வேண்டும். ஒருநாள் முழுக்க நான் எழுதின ரிப்போர்ட் "மாடு ஆறு, தண்ணீர் குடிக்கக் கோட்டைத் தாண்டின, திரும்பின" என்பது. இதற்காகவா ஆறு மாதம் ட்ரெயினிங் என்று தோன்றியது.

இந்திய பட்டாலியனோடு ஒரு கால்நடை டாக்டரும் உண்டு. ஊர் ஊராகப் போய் முகாம் போடுவார், வண்டி ஓட்டுவது நான். முதல் முகாமில் ஒரு பாட்டி ஒரு பசுவை இழுத்துக்கொண்டு வந்தார். பின்காலில் இரும்புச்சில் பட்டுப் புழு வைத்திருந்தது. டாக்டர் கிட்டே போனால் உதைக்கிறது. கூட வந்த சிப்பாய்கள் எல்லாம் நகரத்துப் பையன்கள், பின்வாங்கிவிட்டார்கள். எங்கள் வீட்டில் எருமைகள் உண்டு, நான் அவற்றோடு வளர்ந்தவன். போய் மூக்கைப் பிடித்து, காதுக்குக் கீழே சொறிந்துகொண்டே எங்கள் படக மொழியில் ஏதோ சமாதானம் சொன்னேன். பசு நின்றது. பாட்டி மொழிபெயர்ப்பாளரிடம், இந்தப் பையனுக்கு அரபி தெரியுமா என்று கேட்டார். அன்றிலிருந்து முகாமுக்கு நான் ஓட்டுநர் மட்டும் இல்லை.

ஊரில் அம்மா எல்லோரிடமும் "மகன் வெளிநாட்டுல பட்டாளத்துல இருக்கான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாடு பிடிக்கிறேன் என்று நான் சொல்லவே இல்லை.

டான்டீ லைன் பேத்தி:

எல்லோரும் சீருடை போட்டவர் பக்கத்திலிருந்து எழுதுகிறீர்கள். கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்றவள் என்கிற முறையில் ஒன்று சொல்கிறேன்.

பாட்டி இலங்கை மலையகத்தில் ஹட்டனில் பிறந்தவர். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக இங்கே வந்து டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அவருடைய தங்கை குடும்பம் வரவில்லை. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய் கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டி நிலம் செய்தார்கள். அவர்களைப் பார்க்க 2012ல் நானும் அம்மாவும் போனோம். போர் முடிந்து மூன்று வருஷம்.

ஏ9 சாலையில் வேனை நிறுத்தினார்கள். டீக்கடை. துப்புரவான கடை, பூந்தொட்டிகூட இருந்தது. உள்ளே டீ போட்டவரும் காசு வாங்கியவரும் ராணுவத்தினர். இருபத்திரண்டு வயசுப் பையன் ஒருவன் சிரித்துக்கொண்டே, உடைந்த தமிழில் "அக்கா, ப்ளேன் டீயா?" என்றான். அம்மா வாங்கிக் குடித்தார். கூட வந்த சித்தி, பாட்டியின் தங்கை மகள், வேனை விட்டு இறங்கவில்லை.

நான் நினைத்தது, பழைய கோபம், அது இருக்கத்தானே செய்யும் என்று. வண்டி கிளம்பியதும் சித்தி சொன்னது வேறு. "அவனுக்குச் சம்பளம் கொழும்புல இருந்து வருது. கடைக்கு வாடகை கிடையாது. பக்கத்துல நம்ம பொடியன் கடன் வாங்கிக் கடை போட்டா அந்த விலைக்கு எப்பிடிக் குடுப்பான்?" அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

ராணுவம் கண்ணிவெடி எடுத்தது, வீடும் கட்டிக்கொடுத்தது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் சப்பர் ஐயா, உங்கள் சர்தார் நாடாவுக்கு வெளியே நின்று கேள்வி கேட்க முடிந்தது. நீங்கள் ஒருநாள் கிளம்பிவிடுவீர்கள் என்று அவருக்குத் தெரியும். சித்திக்கு அது தெரியவில்லை.

பிளாக் பிரிட்ஜ்:

சரி, டீக்கதைன்னு கிண்டல் பண்ணதுக்கு மன்னிச்சிடுங்க. எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு, எழுதணுமான்னு யோசிச்சிட்டே இருந்தேன்.

மாமா 1987ல அமைதிப் படையோட இலங்கை போனவர். ஜூலை 29 ஒப்பந்தம், உடனே கப்பல். சண்டை முடிஞ்சாச்சு, இயக்கங்கள் தர்ற ஆயுதத்தை வாங்கி வைக்கணும், சனங்களுக்குக் காவலா நிக்கணும், அவ்வளவுதான்னு சொல்லி அனுப்பினாங்களாம். முதல் சில வாரம் சனங்க மாலை போட்டாங்க, இளநீர் வெட்டிக் கொடுத்தாங்க. நம்ம தமிழ்லயே பேசலாம்னு மாமாவுக்கு ஏக சந்தோஷம். அக்டோபர்ல புலிகளோட சண்டை வந்துடுச்சு. இளநீர் கொடுத்த அதே தெருவுக்குள்ள துப்பாக்கியோட போனாங்க. உங்க எல்லார் கதையிலயும் சண்டை முதல்ல, மத்தது அப்புறம். அவருக்கு மட்டும் தலைகீழ். 1990 மார்ச்ல கடைசிப் படை திரும்புச்சு. ஆயிரத்துக்கு மேல நம்ம ஆளுங்க திரும்பல. அந்த ஊர் சனங்கள்ல எத்தனை பேர் போனாங்கன்னு மாமா கணக்கே சொல்லமாட்டார்.

அவர் இப்ப குன்னூர்ல ஒரு ஏ.டி.எம். வாசல்ல செக்யூரிட்டி. தமிழ் பேசத் தெரிஞ்சதுதான் அங்க பெரிய கஷ்டம்னு ஒரு தடவை சொன்னார். ஏன்னா அவங்க என்ன சொல்லித் திட்டுறாங்கன்னு பக்கத்துல நின்ன மத்த ஊர்க்காரங்களுக்குப் புரியாது.

பேரக்ஸ் டீச்சர்:

பிளாக் பிரிட்ஜ், எழுதியது நல்லது. மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

லைன் பேத்தி, உங்கள் சித்தி சொன்னதைப் படித்துவிட்டு அப்பா கதையை மறுபடி நினைத்துப் பார்த்தேன். அந்தக் கைதி டீயைக் குறை சொன்னதை நாங்கள் வேடிக்கையாகத்தான் கேட்டிருக்கிறோம். அவனால் குறை சொல்ல முடிந்தது என்பது இப்போதுதான் உறைக்கிறது. கையில் ஒரு விதி இருந்தது, போகிற நாள் ஒன்று வரும் என்றும் தெரிந்திருந்தது.

சப்பர் ஐயா, ஒன்று கேட்க வேண்டும். அந்த மூன்றும் கிடைத்ததா?

எடப்பள்ளி சப்பர்:

இரண்டு கிடைத்தது. ஒன்று வாய்க்கால் கரையில், வரைபடத்தில் இருந்த இடத்திலிருந்து பத்து எட்டு தள்ளி. மூன்றாவதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே எங்களுக்கு மாற்றல் வந்துவிட்டது. வேறு ஒரு கம்பெனிக்காரர்களிடம் வரைபடத்தையும் வேலியையும் ஒப்படைத்தோம். கிளம்புகிற அன்று சர்தார் சைக்கிளோடு வந்து நின்றார். புதிதாக வந்திருந்த ஹவில்தாரைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார்.