முடிவு தெரிந்த பிறகும் ‘ராண்டம் ஹார்வெஸ்ட்’ ஏன் கலங்க வைக்கிறது?

பவானிக்கரை, கோபிசெட்டிபாளையம்:

அனைவருக்கும் வணக்கம். எம்.ஜி.எம். நிறுவனம் 1942-இல் வெளியிட்ட ‘ராண்டம் ஹார்வெஸ்ட்’ படத்தின் டிவிடி அண்மையில் கைக்கு வந்தது. மெர்வின் லெராய் இயக்கத்தில் ரொனால்ட் கோல்மனும் கிரீர் கார்சனும் நடித்த கறுப்பு வெள்ளைப் படம். தொண்ணூறுகளில், பகலில் கார்ட்டூன் நெட்வொர்க்காக இருந்த அலைவரிசை இரவில் டி.என்.டி. என்று பெயர் மாறிப் பழைய ஹாலிவுட் படங்களைக் காட்டிவந்த காலத்தில் இதைப் பார்த்திருக்கிறேன். இப்போது ஆங்கில சப்டைட்டில்களின் துணையோடு, அம்மாவுக்கு அவ்வப்போது விளக்கிச் சொல்லிக்கொண்டே முழுவதும் பார்த்தேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப் போரில் நினைவிழந்த ஒரு படைவீரன், 1918 நவம்பரில் போர் முடிந்த செய்தி வந்து ஊரே கொண்டாடிக்கொண்டிருக்கும்போது, மெல்பிரிட்ஜ் என்னும் ஊரின் மனநலக் காப்பகத்திலிருந்து வெளியேறிவிடுகிறான். பவுலா என்ற மேடைப் பாடகி அவனுக்கு அடைக்கலம் தந்து, ‘ஸ்மித்தி’ என்று செல்லமாக அழைத்து, அவனையே மணந்து, டெவன் பகுதியில் ஒரு சிறு குடிலில் குடும்பம் நடத்துகிறாள், குழந்தையும் பிறக்கிறது. பத்திரிகை வேலை ஒன்றுக்காக லிவர்பூல் செல்லும் அவன் மீது கார் மோதுகிறது. அந்த அதிர்ச்சியில், தான் சார்லஸ் ரெய்னியர் என்ற செல்வக் குடும்பத்து மகன் என்ற பழைய நினைவு திரும்பி, பவுலாவோடு வாழ்ந்த ஆண்டுகள் அடியோடு அழிந்துவிடுகின்றன. எந்தப் பூட்டுக்கு உரியது என்று தெரியாத ஒரு சாவி மட்டும் அவனிடம் மிஞ்சுகிறது. காலம் கடந்து அவன் பெரும் தொழிலதிபரான பின், பவுலா வேறு பெயரில் அவனிடமே செயலாளராகப் பணிபுரிகிறாள். தான் யார் என்பதை மட்டும் சொல்வதில்லை.

இப்படியெல்லாம் நடக்குமா என்று கேட்டால் நடக்காது என்றுதான் நானும் சொல்வேன். முடிவும் எனக்கு முன்பே தெரியும். அப்படியிருந்தும் கடைசிக் காட்சியில் அம்மாவைப் போலவே நானும் கலங்கிப் போனேன். இது இளவயதில் பார்த்த படத்தின் மீதுள்ள பற்றினால் வருவதா, அல்லது படத்தின் கட்டமைப்பிலேயே அப்படி ஏதாவது இருக்கிறதா? நண்பர்கள் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன். எங்கள் தொலைக்காட்சியில் முகங்கள் அகன்றும் உருவங்கள் குட்டையாகவும் தெரிந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். குறை தட்டில் இருக்கிறதா என்று அறிந்தவர்கள் தெரிவித்தால் நன்று.


ஆனைமலைச் சாரல், பொள்ளாச்சி:

படத்தின் கட்டமைப்பில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஜேம்ஸ் ஹில்டன் 1941-இல் வெளியிட்ட மூல நாவலையும் படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது விளங்கும். நாவலில் ரெய்னியரின் கதையை நமக்குச் சொல்பவர் ஹாரிசன் என்ற உதவியாளர். ரெய்னியரின் மனைவியாக அந்த வீட்டில் நடமாடும் பெண்தான் தொலைந்துபோன பவுலா என்பதை ஹில்டன் இறுதிவரை நம்மிடமிருந்து மறைத்துவிடுகிறார். எழுத்தில் பெயரை மாற்றினாலே ஆளை மறைத்துவிடலாம். திரையில் கிரீர் கார்சனின் முகத்தை மறைக்க வழியே இல்லை. ஆகவே திரைக்கதையை எழுதிய கிளாடின் வெஸ்ட், ஜார்ஜ் ஃப்ரோஷல், ஆர்தர் விம்பெரிஸ் மூவரும் நாவலின் பெரும் ரகசியத்தைப் படத்தின் நடுவிலேயே கைவிட்டார்கள். அவர்கள் செய்த மிகத் துணிச்சலான, மிகச் சரியான காரியம் அதுதான்.

அந்தக் காட்சியை நினைவுபடுத்திப் பாருங்கள். ரெய்னியர் அலுவலகத்தில் இருந்தபடி செயலாளரை அழைக்கிறார். கதவைத் திறந்துகொண்டு வருவது பவுலா. அவள் எப்படி அவரைத் தேடிக் கண்டாள், எப்படி அந்த வேலைக்கு வந்தாள் என்பதற்கெல்லாம் முன்னறிவிப்பு கிடையாது. நமக்கு அங்கே ஓர் அதிர்ச்சி உண்டு. அதன்பின் படம் நம்மிடம் மறைத்துவைக்க எதுவுமே இல்லை. பவுலாவுக்குத் தெரியும், நமக்கும் தெரியும், ரெய்னியர் ஒருவருக்குத்தான் தெரியாது. அவர் அலுவல் பேச, அவள் குறிப்பெடுக்கும் சாதாரணக் காட்சிகூட நமக்குத் தாங்கமுடியாததாக ஆகிவிடுகிறது. பின்னர் அவர் தேர்தலில் வென்று, பொதுவாழ்வுக்குத் துணையாக இருக்கும்படி இரண்டு நிறுவனங்களை இணைப்பது போன்ற ஏற்பாடாகத் திருமணத்தை அவளிடமே முன்வைக்கும்போது, அவள் முகத்தில் ஓடும் மகிழ்ச்சியையும் வலியையும் படிக்கத் தெரிந்தவர்கள் பார்வையாளர்களாகிய நாம் மட்டுமே.

திருப்பத்தை நம்பி நிற்கும் கதை ஒருமுறை பார்த்ததும் தீர்ந்துவிடும். இந்தப் படம் நம்முடைய அறிவை நம்பி நிற்கிறது. அதனால் மறுமுறை பார்ப்பவர்களுக்கு இன்னும் கூடுதலாகத் தருகிறது. டெவன் குடிலின் படலைத் திறக்கும்போது அது கிரீச்சிடுவதையும், பூத்துத் தாழ்ந்த கிளைக்கு அவன் குனிந்து வழிவிடுவதையும் முதன்முறை பார்ப்பவர் அழகான விவரங்கள் என்று எண்ணிக் கடந்துவிடுவார். இறுதியில் அதே ஓசையும் அதே கிளையும் என்ன வேலை செய்யப்போகின்றன என்று அறிந்தவருக்கு, தொடக்கத்திலேயே நெஞ்சு கனக்கும். நீங்கள் கேட்ட இளவயதுப் பற்று ஓரளவு சேர்ந்திருக்கலாம். ஆனால் உங்கள் அம்மா இப்போதுதானே முதன்முறை பார்த்தார்?


நொய்யலாற்றங்கரை, திருப்பூர்:

தட்டில் குறை இல்லை, ஐயா. 1942-இல் ஹாலிவுட் படங்கள் 1.37:1 என்ற அகல உயர விகிதத்தில் எடுக்கப்பட்டன. இன்றைய தொலைக்காட்சித் திரை 16:9. இருபுறமும் கறுப்புப் பட்டை விழவேண்டிய இடத்தை நிரப்புவதற்காகத் தொலைக்காட்சி படத்தை இழுத்துவிடுகிறது. பட அளவு அமைப்பில் 4:3 என்பதைத் தேர்ந்தெடுத்தால் முகங்கள் சரியாகிவிடும். அசைவை வழுவழுப்பாக்கும் வசதி, ஷார்ப்னெஸ் இரண்டையும் குறைத்துவிடுங்கள். ஒளிப்பதிவாளர் ஜோசப் ருட்டன்பர்க் கார்சனின் முகத்துக்கு வைத்த மென்மையான ஒளி அந்தச் செயற்கைக் கூர்மையில் பாழாகிவிடும். அமெரிக்காவிலிருந்து வரவழைக்க நினைப்பவர்கள் கவனிக்க: டிவிடி எந்த நாடுகளின் பிளேயரில் ஓடும் என்பதைக் குறிக்கும் ரீஜன் எண் ஒன்று உண்டு; அங்குள்ள டிவிடிகள் பெரும்பாலும் ரீஜன் 1, இந்தியா ரீஜன் 5. எல்லா ரீஜனையும் ஏற்கும் பிளேயர் தேவை. எம்.ஜி.எம். படத்தின் உறையில் வார்னர் பெயரைக் கண்டு போலி என்று எண்ண வேண்டாம். 1986-இல் எம்.ஜி.எம்.மின் பழைய படத் தொகுப்பு டர்னர் வசம் சென்று, 1996-இல் டர்னர் நிறுவனமே டைம் வார்னருடன் இணைந்துவிட்டது.


காலிங்கராயன் வாய்க்கால், ஈரோடு:

பொள்ளாச்சி அண்ணா சொன்னதோடு ஒரு பெண்ணாக நான் சேர்க்க விரும்புவது, பவுலாவின் மௌனத்தைப் பற்றியது. நினைவிழந்த கணவன், நினைவூட்டும் ஒரு பொருள் என்றதுமே நமக்குச் சகுந்தலைதான் நினைவுக்கு வருவாள். காளிதாசனின் சகுந்தலை துஷ்யந்தனின் அவையில் தன்னை யார் என்று அறிவித்து, நியாயம் கேட்டு, மறுக்கப்படுகிறாள்; மோதிரம் பின்னால்தான் கிடைக்கிறது. பவுலா கேட்கவே இல்லை. மருத்துவர் பெனட், நினைவு அவனுக்குள்ளிருந்து தானாகவே எழவேண்டும் என்று அவளை எச்சரிக்கிறார் என்பது உண்மைதான். ஆனாலும் மருத்துவரின் சொல் மட்டுமே அவளைக் கட்டிப்போட்டதாக எனக்குத் தோன்றவில்லை. சொல்லிவிட்டால் ரெய்னியர் போன்ற கண்ணியவான் உடனே அவளை ஏற்றுக்கொள்வார், கடமைக்காக ஏற்றுக்கொள்வார். அவளுக்கு அது வேண்டியதில்லை. தன்னை ஒருகாலத்தில் விரும்பியவனே மீண்டும் தன்னைக் கண்டுகொள்ள வேண்டும் என்பது அவள் விருப்பம். ஏழாண்டுகள் கடந்தபின் நீதிமன்றத்தின் வழியே ஸ்மித்தியை இறந்தவனாக அறிவிக்கச் செய்து, அவன் தன்னை அறியாமலேயே அவனுக்கு விடுதலை தருபவளைப் பணிந்துபோகும் பெண் என்று என்னால் எண்ண முடியவில்லை.

கிட்டியை யாரும் சொல்லவில்லையே! ரெய்னியரை மணக்கவிருக்கும் அந்த இளம்பெண்ணாக சூசன் பீட்டர்ஸ் நடித்திருக்கிறார். அப்போது அவருக்கு வயது இருபதைச் சற்றே தாண்டியிருந்தது. திருமணத்துக்கான பாடல்களைத் தேர்வுசெய்யத் தேவாலயத்தில் இருவரும் அமர்ந்திருக்கிறார்கள். பவுலாவுடன் நடந்த திருமணத்தில் ஒலித்த அதே கீதம் ஆர்கனில் எழுகிறது. ரெய்னியர் திரும்பிக் கிட்டியைப் பார்க்கிறார், யாரோ ஒருத்தியைப் பார்ப்பதைப் போல. அவள் அந்த ஒரு பார்வையிலேயே எல்லாவற்றையும் புரிந்துகொண்டு விலகுகிறாள். வஞ்சிக்கப்பட்டதாகக் கூச்சலிடாமல், அவருடைய உள்ளத்தில் வேறொருத்தி இருக்கிறாள் என்ற உண்மையை அவருக்கு முன்பே தான் கண்டுவிடுகிறாள். என் கணிப்பில் படத்தின் மிகச் சிறந்த காட்சி இதுவே. ஏழு ஆஸ்கர் பரிந்துரைகளில் ஒன்று சூசன் பீட்டர்ஸுக்குக் கிடைத்தது. படத்துக்கு ஒன்றும் பரிசாக வரவில்லை. கார்சனுக்கு அந்த ஆண்டு வேறொரு படத்துக்காகச் சிறந்த நடிகை விருது கிடைத்தது. சூசன் 1945-இன் முதல் நாளில் வேட்டை விபத்தில் குண்டடிபட்டு நடக்கும் ஆற்றலை இழந்து, 1952-இல் இறந்துபோனார் என்பதை அறிந்தபின் அந்தக் காட்சியை என்னால் இயல்பாகப் பார்க்க முடிவதில்லை.


சிங்காநல்லூர் வாசி, கோயம்புத்தூர்:

எல்லோரும் போற்றும் இடத்தில் ஒரு மறுப்பைப் பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது. நான் ஆலைத் தொழிலாளர் வீட்டில் வளர்ந்தவன். 1946 சனவரியில் சின்னியம்பாளையம் தொழிலாளர் நால்வர் தூக்கிலிடப்பட்டதை எங்கள் பெரியவர்கள் சொல்லக் கேட்டவன். இப்படத்தின் இறுதிப் பகுதியில் மெல்பிரிட்ஜ் ஆலையில் வேலைநிறுத்தம் நடக்கிறது. முதலாளி ரெய்னியர் நேரில் வந்ததும் அது இனிதே முடிந்து, தொழிலாளர்கள் ஆரவாரம் செய்கிறார்கள். அவர்கள் கேட்டது என்ன, கிடைத்தது என்ன என்பதைச் சொல்லப் படத்துக்குச் சிறிதும் நேரமில்லை. ரெய்னியரை அந்த ஊருக்கு வரவழைக்க ஒரு சாக்கு தேவைப்பட்டது, அவ்வளவுதான். ஒருவரின் உள்ளத்துக்குள் நிகழ்வதை இத்தனை நுட்பமாகக் காட்டத் தெரிந்தவர்கள், ஓர் ஊரின் வயிற்றுப்பாட்டை இப்படிக் கடந்துபோனதை என்னால் ஏற்க இயலவில்லை.

அதே நேரத்தில் கோல்மனைப் பற்றிச் சொல்லாமல் இருப்பது நியாயமாகாது. ஐம்பதைக் கடந்தவர் இளம் அதிகாரியாக நடிப்பதைப் பலர் குறையாகச் சொல்வதுண்டு. அவர் 1914-இல் மெசீன் போர்க்களத்தில் காலில் படுகாயமுற்று, படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர். அதன் விளைவான காலின் தளர்வைத் திரையில் தெரியாமல் மறைக்க வாழ்நாள் முழுவதும் முயன்றவர். தொடக்கக் காட்சிகளில் சொல் வெளிவராமல் திக்கி, எதிரிலிருப்பவரின் கண்ணை அஞ்சி அஞ்சிப் பார்க்கும் அந்த வீரனை நான் நம்புவதற்கு அதுவே போதும். படம் 1942 டிசம்பரில் நியூயார்க்கின் ரேடியோ சிட்டி அரங்கில் திரையிடப்பட்டபோது அமெரிக்கா போரில் இறங்கி ஓராண்டு ஆகியிருந்தது. போர்முனைக்குப் போனவன் அதே ஆளாகத் திரும்புவானா என்ற அச்சம் அன்று அரங்கில் இருந்த பெண்கள் பலருக்கு இருந்திருக்கும். நினைவிழப்பு என்பது அவர்களுக்கு வெறும் கதைத் தந்திரமாகத் தோன்றியிருக்காது.


பவானிக்கரை, கோபிசெட்டிபாளையம்:

திரை அளவைச் சரிசெய்துவிட்டேன். திருப்பூர் நண்பருக்கு நன்றி. சிங்காநல்லூர் ஐயாவின் கண்டனம் நியாயமானது. அந்தக் காட்சி ஓடியபோது நான், ஸ்மித்தி காப்பகத்திலிருந்து வெளியேறியதும் புகுந்த பழைய புகையிலைக் கடைக்குள் ரெய்னியர் நுழையப்போவதை எதிர்பார்த்துக் காத்திருந்தேனே தவிர, தொழிலாளர்களைப் பார்க்கவே இல்லை. ஈரோட்டு அம்மணி சொன்ன தேவாலயக் காட்சியை இம்முறை அம்மாவோடு மறுபடியும் ஓடவிட்டுப் பார்த்தோம். கிட்டி நல்ல பிள்ளை, அவளுக்கும் ஒரு வாழ்வு அமைந்ததாகக் காட்டியிருக்கலாம் என்று அம்மா வருத்தப்பட்டார். இதைத் தழுவியதுதான் சிவாஜியின் ‘அமரதீபம்’ என்று அப்புச்சி சொல்வாராம். அது சரியா?


காலிங்கராயன் வாய்க்கால், ஈரோடு:

உங்கள் அப்புச்சி சொன்னது சரிதான், அண்ணா. 1956-இல் ஸ்ரீதர் எழுத, டி. பிரகாஷ் ராவ் இயக்கி, சிவாஜி, சாவித்திரி, பத்மினி நடித்து வெளிவந்தது. நினைவிழப்பையும் மீட்சியையும் அங்கிருந்து எடுத்துக்கொண்டாலும், நினைவிருக்கும்போது நேசித்தவள் ஒருத்தி, நினைவிழந்தபோது நேசித்தவள் இன்னொருத்தி என்று பெண்ணை இருவராக்கிவிட்டார்கள். ஆங்கிலப் படத்தில் பவுலா ஒருத்தியே தனக்குத் தானே போட்டியாக நிற்கிறாள். தான் விரும்பப்பட்ட காலத்தின் மீதே அவளுக்குப் பொறாமை. தமிழில் அந்தப் போராட்டம் சாவித்திரிக்கும் பத்மினிக்கும் இடையில் வெளிப்படையாக வந்துவிடுவதால், மௌனம் செய்த வேலையைப் பாடல்களும் கண்ணீரும் செய்கின்றன. இதை முதலில் பார்த்துவிட்ட அம்மாவுக்கு அது வேறு கதையாகவே தோன்றும். இரண்டில் எந்தப் பெண்ணின் பக்கம் அவர் நிற்கிறார் என்பதை அறிய எனக்கு ஆவலாக இருக்கிறது.